தண்ணீரில் கரைந்த உலோகத்தைப் பிடிக்க ஈஸ்ட் எதற்கு?

குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500. உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருப்பதும் அதே எண்தான். காட்மியத்துக்கு 3 மைக்ரோகிராம். பாதரசத்துக்கு நம் நாட்டு வரம்பு 1 மைக்ரோகிராம். பத்து மைக்ரோகிராம் என்றால் பத்து கோடியில் ஒரு பங்கு. வரம்பை எழுதிவைப்பது சுலபம், அந்த அளவை அளந்து காட்டுவதுதான் பாடு.

கல்லூரிகளிலும் சிறிய ஆய்வுக்கூடங்களிலும் பரவலாக இருக்கும் கருவி அணு உறிஞ்சு நிறமாலைமானி. ஆய்வகத்தில் யாரும் அப்படி நீட்டி முழக்குவதில்லை, ஏ.ஏ.எஸ். என்பார்கள். நீர் மாதிரியை அசெட்டிலீன் சுடருக்குள் தூவுவார்கள். உள்ளே இருக்கும் உலோகம் தனி அணுக்களாகப் பிரிந்து, தனக்கே உரிய அலைநீள ஒளியை விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்பதைப் பார்த்து எவ்வளவு உலோகம் என்று கணக்கிடலாம். மில்லிகிராம் அளவில் இது அருமையான கருவி. ஆனால் ஈயத்தைப் பொறுத்தவரை, சுடர் ஏ.ஏ.எஸ். கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவே அந்த 10 மைக்ரோகிராமை ஒட்டித்தான் இருக்கிறது. வரம்பை ஒட்டிய ஒரு தண்ணீரைக் கொடுத்தால் ‘இருக்கிறதா இல்லையா’ என்றே அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ‘எவ்வளவு’ என்பதெல்லாம் அப்புறம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, இன்னும் கூர்மையான கருவி. ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற கருவி ஆர்கான் பிளாஸ்மாவில் மாதிரியை அயனிகளாக்கி நிறையை வைத்துப் பிரித்து எண்ணுகிறது. லிட்டருக்கு நானோகிராம் வரை இறங்கிப் பார்க்கும். விலை கோடிக்கணக்கில், அதோடு ஆர்கான் வாயுச் செலவும் விடாது. இரண்டாவது வழி, தண்ணீரைச் சுருக்குவது. அரை லிட்டரில் பரவிக் கிடக்கும் உலோகத்தை 5 மில்லிலிட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் அடர்த்தி நூறு மடங்கு கூடிவிடும். அப்புறம் பழைய ஏ.ஏ.எஸ். கருவியே போதும்.

கூர்மையான கருவி கைவசம் இருந்தாலும் இந்தச் சுருக்கும் வேலை தேவைப்படும் இடம் கடல். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதாவது 3.5 சதவீதம். ஐ.சி.பி.-எம்.எஸ். வசதியாகத் தாங்குவது 0.2 சதவீதத்தைச் சுற்றித்தான். அதற்கு மேல் போனால் உப்பு கருவியின் கூம்பு முனைகளில் படிந்து அடைக்கும். போதாததற்கு ஆர்கானும் குளோரினும் ஒட்டிக்கொண்டு நிறை எண் 75இல் ஒரு போலி அயனியை உண்டாக்கும். ஆர்சனிக்கின் நிறை எண்ணும் 75தான். ஆர்கானும் சோடியமும் சேர்ந்தால் 63. அது தாமிரத்தின் இடம். கடல்நீரை அப்படியே உள்ளே விட்டால் உப்பைத்தான் ஆர்சனிக் என்றும் தாமிரம் என்றும் எண்ணிக்கொண்டிருப்போம்.

கொதிக்கவைத்துச் சுண்டவைத்தால் என்ன என்று தோன்றும். தண்ணீர் சுண்டும்போது உலோகத்தோடு உப்பும் சேர்ந்தே செறிவாகும். அதனால் பயனில்லை. சோடியத்தையும் குளோரைடையும் போகவிட்டு, ஈயத்தையும் காட்மியத்தையும் தாமிரத்தையும் மட்டும் பிடித்துவைக்கும் பொருள் வேண்டும். இந்த வேலைக்காக வேதியியலாளர்கள் தயாரித்துவைத்திருப்பவை கீலேட் ரெசின்கள், அதாவது உலோக அயனியைக் கவ்விப் பிடிக்கும் செயற்கைப் பிசின் மணிகள். செலெக்ஸ்-100 என்பது அவற்றில் பழையது, 1960களிலிருந்து கடல்நீர் ஆய்வில் புழங்குவது. அதே வேலையை ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும், குளத்துப் பாசியும், மண்ணில் கிடக்கும் பாக்டீரியாவும் செய்கின்றன.

செல் சுவரில் என்ன இருக்கிறது

இதில் மாயம் எதுவும் இல்லை. பாக்டீரியா, ஈஸ்ட், பாசி எதுவானாலும் செல்லின் வெளிச்சுவர் முழுக்க கார்பாக்சில், பாஸ்பேட், அமினோ, கந்தகம் கொண்ட தயால் போன்ற வேதித் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பேசில்லஸ் போன்ற பாக்டீரியாவின் சுவரில் பெப்டிடோகிளைக்கனும் டைக்கோயிக் அமிலமும், ஈஸ்ட்டில் மேனனும் குளுக்கனும் கொஞ்சம் கைட்டினும், பழுப்புப் பாசியில் ஆல்ஜினேட்டும். பெயர்கள் வேறானாலும், சாதாரண நீரில் இவற்றின் பல தொகுதிகள் ஹைட்ரஜனை உதிர்த்துவிட்டு எதிர்மின் சுமையோடு நிற்கின்றன. நேர்மின் சுமை கொண்ட உலோக அயனி பக்கத்தில் வந்தால் பிடித்துக்கொள்ளும்.

கனடாவில் பெவெரிட்ஜும் மர்ரேயும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் சுவரை மட்டும் தனியே பிரித்தெடுத்து, உலோகக் கரைசல்களில் போட்டுப் பார்த்து 1976இல் வெளியிட்டார்கள். செல்லுக்குள் இருக்கும் எதுவும் இல்லாமலே, வெறும் சுவர் பலவகை உலோகங்களை வாரிக்கொண்டது. அடுத்த கட்டமாக, சுவரிலிருந்த கார்பாக்சில் தொகுதிகளை வேதி முறையில் மாற்றிவிட்டு மறுபடியும் சோதித்தார்கள். உலோகம் ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. எந்தத் தொகுதி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் செல் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பகுப்பாய்வுக்குப் பயன்படுவது பெரும்பாலும் செத்த, உலர்த்திய செல்கள்தான். செத்த செல்லுக்குச் சாப்பாடு வேண்டாம், உலோகத்தின் நஞ்சு அதை ஒன்றும் செய்யாது, அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கலாம். உயிருள்ள செல் உலோகத்தை உள்ளே இழுக்கும், பதுக்கும், சில சமயம் திருப்பித் துப்பும். அது மெதுவான, சொன்னபடி கேட்காத வேலை. சுவரில் ஒட்டுவதோ சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எவ்வளவு பிடிக்கும்? மெக்கில் பல்கலைக்கழகத்தில் செசோஸும் வோலெஸ்கியும் 1980களின் தொடக்கத்தில் ரைசோபஸ் அரைசஸ் என்ற பூஞ்சையை யுரேனியத்தோடு சோதித்தபோது, ஒரு கிராம் உலர்ந்த பூஞ்சை 180 மில்லிகிராமுக்கும் மேல் பிடித்தது. அந்தக் காலத்து ஆய்வுகளின் நோக்கம் பகுப்பாய்வு இல்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்வது, தாதுக் கரைசலிலிருந்து உலோகத்தை மீட்பது என்பவைதான் கனவு. நியூ மெக்ஸிகோவில் டார்னல் குழுவினர் 1986இல் குளோரெல்லா வல்காரிஸ் பாசியைக் கொண்டு தங்கத்தை மற்ற உலோகங்களிலிருந்து தனியே மீட்கலாம் என்று காட்டினார்கள். அந்தக் கனவு பெருமளவில் பலிக்கவில்லை என்பது வேறு கதை. தொழிற்சாலைக் கழிவு டன் கணக்கில் ஓடும்போது மலிவான சுண்ணாம்பே போட்டியில் ஜெயித்துவிடுகிறது. ஆனால் அரை லிட்டர் மாதிரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பகுப்பாய்வாளருக்கு டன் கணக்குத் தேவையில்லை. 150 மில்லிகிராம் ஈஸ்ட் தாராளம்.

பிடித்ததை விடவைப்பது எப்படி? இங்கேதான் அமிலத்தன்மையின் அளவான பிஹெச் வருகிறது. எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். பிஹெச் 5, 6 அளவில் கார்பாக்சில் தொகுதிகள் காலியாக இருக்கும், உலோகம் வந்து உட்காரும். பிஹெச்சை 1க்கோ 2க்கோ இறக்கினால் தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகள் பெருகிவிடும். பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம்பிடிப்பவர்களைப் போல எல்லா இடத்தையும் அவையே எடுத்துக்கொள்ளும், உலோகம் இறங்க வேண்டியதுதான். ஆகவே அமிலம் குறைவாக இருக்கும்போது பிடி, அமிலத்தால் கழுவி இறக்கு. மொத்த உத்தியும் இதுதான். தங்கம் ஒரு விதிவிலக்கு. அது அமிலத்திலும் பாசியை விடாது, தயோயூரியா போட்டால்தான் இறங்கும்.

ஒரு பத்தியின் தயாரிப்பு

ஈஸ்ட்டைத் தனியாகக் குழாயில் அடைத்துத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். மாவு போலக் கட்டிக்கொண்டு ஒரு சொட்டுகூட இறங்காது. அதனால் செல்களை ஏதாவது ஒரு கெட்டியான துகளின் மேல் ஒட்டவைக்க வேண்டும். பாசிக்குச் சிலிக்கா ஜெல் பழகிப்போனது. துருக்கியில் அங்காராவின் காஜி பல்கலைக்கழகத்தில் டுர்க்கர் குழுவினர் 1990களின் பிற்பகுதியிலிருந்து செபியோலைட் என்ற களிமண் கனிமத்தைப் பயன்படுத்தினார்கள். நார் நாராக, துளைகள் நிறைந்த கனிமம் அது. துருக்கியில் ஏராளமாகக் கிடைக்கிறது.

அவர்களின் செய்முறை ஏழை ஆய்வகத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. உலர்ந்த, செத்த செல்தூளை ஒரு கிராம் செபியோலைட்டோடு கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, 105 டிகிரி அடுப்பில் காயவைப்பது. மறுபடி நனைத்து, பிசைந்து, காயவைப்பது. செல்லும் களிமண்ணும் நன்றாகப் பிணையும்வரை இப்படியே செய்துவிட்டு, சலித்து, கண்ணாடிக் குழாயில் கண்ணாடிப் பஞ்சின் மேல் நிரப்பினால், நீரை வடியவிடும் பத்தி (column) தயார். ஈஸ்ட்டை மட்டுமல்ல, அஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையையும் ஈ.கோலை பாக்டீரியாவையும்கூட இப்படி ஏற்றித் தாமிரம், துத்தநாகம், இரும்பு, நிக்கல், காட்மியம் ஆகியவற்றைச் சுடர் ஏ.ஏ.எஸ்.இலேயே அளந்து காட்டினார்கள்.

அதன்பின் பொறுமைதான். மாதிரியின் பிஹெச்சைச் சரிசெய்து பத்தி வழியாக விட வேண்டும். நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் வேகம் என்றால் அரை லிட்டர் இறங்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் உலோகம் ஒட்டாமலே கீழே போய்விடும். எல்லாம் இறங்கியதும் 5 அல்லது 10 மில்லிலிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவி, கீழே வருவதை நேரே ஏ.ஏ.எஸ்.க்குக் கொடுப்பது. அதே பத்தியைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம்.

வந்த எண் சரிதானா என்று எப்படித் தெரியும்? இரண்டு சோதனை உண்டு. தெரிந்த அளவு உலோகத்தை மாதிரியில் வேண்டுமென்றே சேர்த்து, அது முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. 95 முதல் 105 சதவீதத்துக்குள் வந்தால் நிம்மதி. மற்றொன்று சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் கடல்நீரைப் புட்டியில் அடைத்து, அதில் உள்ள உலோக அளவுகளைச் சான்றிதழோடு விற்கிறது. நம் முறையில் அதே எண் வர வேண்டும். முதல் சோதனையை மட்டும் செய்துவிட்டு முறை நிரூபணமாகிவிட்டது என்று முடிக்கும் கட்டுரைகள் நிறைய. நாம் சேர்த்த உலோகம் புதிதாகக் கரைந்தது, எதனோடும் பிணையாதது, அதனால் எளிதாக ஒட்டும். இயற்கை நீரில் ஏற்கெனவே இருந்த உலோகம் அப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

சிக்கல்கள்

முதல் சிக்கல் ஈஸ்ட்டே. துத்தநாகமும் இரும்பும் தாமிரமும் அதன் உயிருக்கு வேண்டியவை, ஆகவே செத்த பிறகும் அதற்குள் இருக்கின்றன. அதைக் கொண்டு துத்தநாகத்தை அளந்தால், தண்ணீரின் துத்தநாகத்தோடு ஈஸ்ட்டின் துத்தநாகமும் சேர்ந்து வரும். அதனால்தான் முதலிலேயே அமிலத்தால் நன்றாகக் கழுவ வேண்டும். வெறும் தூய நீரை விட்டுப் பார்க்கும் ‘பிளாங்க்’ சோதனையும் ஒவ்வொரு முறையும் வேண்டும்.

பிளாங்க் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு கிளேர் பேட்டர்சனின் கதை போதும். பூமியின் வயதை ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு கணக்கிட்டவர் அவர். கடல்நீரில் ஈயம் என்று அதுவரை உலகம் பதிவு செய்திருந்த அளவுகளில் பெரும்பகுதி புட்டியிலிருந்தும் கப்பலிலிருந்தும் ஆய்வகத் தூசியிலிருந்தும் வந்தது என்று காட்டினார். ஷாலேயும் அவரும் 1981இல் வெளியிட்ட பசிபிக் அளவுகள் லிட்டருக்குச் சில நானோகிராம் என்ற கணக்கில் இருந்தன. முன்பு நம்பப்பட்டதைவிடப் பல மடங்கு குறைவு. அந்த மட்டத்தில் வேலை செய்யும்போது, அடுப்பில் களிமண்ணோடு பிசைந்த ஈஸ்ட்டைக் கொண்டுவந்தால் சுத்த ஆய்வகத்துக்காரர்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உலகக் கடல்களின் சுவடு உலோகங்களை வரைபடமாக்கும் ஜியோட்ரேசஸ் திட்டத்தில் செயற்கைக் கீலேட் ரெசின்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. அதில் வியப்பில்லை.

அடுத்தது கால்சியமும் மக்னீசியமும். கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலே கால்சியமும், அதைப்போல மூன்று மடங்கு மக்னீசியமும் இருக்கின்றன. நாம் தேடும் ஈயத்தைவிட அவை கோடிக்கணக்கான மடங்கு அதிகம். ஈயமும் தாமிரமும் கார்பாக்சிலோடு அவற்றைவிட இறுக்கமாக ஒட்டும் என்பதால் ஓரளவு தப்பிக்கிறோம். ஆனால் எண்ணிக்கை பலம் என்று ஒன்று இருக்கிறதே.

மூன்றாவது, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது என்பது. ரெசினைத் தொழிற்சாலை ஒரே தரத்தில் செய்து அனுப்பும். ஈஸ்ட்டின் சுவரோ அது எதைத் தின்று வளர்ந்தது, எந்தப் பருவத்தில் அறுவடையானது என்பதைப் பொறுத்து மாறும். சென்னையில் ஒருவர் செய்த பத்தியும் அங்காராவில் ஒருவர் செய்த பத்தியும் ஒரே அளவைப் பிடிக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். நூற்றுக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகள் வந்த பிறகும் இந்த முறை எந்த நாட்டுக் குடிநீர் வாரியத்தின் அன்றாடச் சோதனையாகவும் பரவாததற்கு இதைத்தான் முக்கியக் காரணமாக நான் பார்க்கிறேன். உலோகத்தைத் திரட்டித் தரும் பொருளாக மட்டும் பார்த்தால், நுண்ணுயிரி ரெசினிடம் தோற்கிறது. மலிவு என்ற ஒரு வாதம் உண்டு. ஆனால் பகுப்பாய்வில் செலவு ரெசினில் இல்லை. மனித உழைப்பிலும் கருவியிலும் இருக்கிறது.

அப்படியானால் இந்த ஆய்வுகளெல்லாம் வீணா என்றால், இல்லை. ‘எவ்வளவு உலோகம்’ என்ற கேள்விக்கு ரெசின் போதும். ‘எந்த வடிவில்’, ‘அது ஓர் உயிருக்குள் போகுமா’ என்ற கேள்விகளுக்குச் செல்தான் சரியான ஆள்.

எந்த வடிவில்

குரோமியத்தை எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் தொழிலில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அதன் தீங்கு ஒப்பளவில் குறைவு. ஆறு இணைதிறன் குரோமியமோ புற்றுநோய் உண்டாக்குவது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மேட்டிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்குவது இந்த இரண்டாவது வகை. இரண்டையும் கூட்டி ‘மொத்தக் குரோமியம் இவ்வளவு’ என்று ஒரே எண்ணாகக் கொடுத்தால், கிணற்றுக்காரருக்கு அதனால் பாதி உபயோகம்தான். பிஹெச் 5ஐ ஒட்டி மூன்று இணைதிறன் குரோமியம் நேர்மின் அயனி, ஆகவே செல் சுவரில் ஒட்டும். ஆறு இணைதிறன் குரோமியம் குரோமேட்டாக, எதிர்மின் அயனியாக இருக்கிறது. எதிர்மின் சுவர் அதைச் சேர்க்காது, அது நேரே கீழே போய்விடும். மேலே தங்கியது ஒன்று, கீழே போனது மற்றொன்று. ஒரே பத்தி இரண்டையும் பிரித்துவிட்டது.

மாட்ரிட்டில் யோலாண்டா மாட்ரிட், கார்மென் காமரா குழுவினர் 1990களில் ரொட்டி ஈஸ்ட்டைக் கொண்டு இதே வழியில் வெகுதூரம் போனார்கள். ஆண்டிமனியின் மூன்று இணைதிறன் வடிவத்தை ஈஸ்ட் எடுத்துக்கொண்டது, ஐந்து இணைதிறன் வடிவம் கரைசலிலேயே நின்றது. செலினியத்தின் இரு வடிவங்களையும், மெத்தில் பாதரசத்தையும் சாதாரணப் பாதரச அயனியையும்கூட அப்படிப் பிரிக்கப் பார்த்தார்கள். செலெக்ஸ் போன்ற பொதுப் பயன்பாட்டு ரெசினிடம் இந்த வேலையை எதிர்பார்க்க முடியாது.

பாதரசத்தில் வடிவம் ஏன் முக்கியம் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் காற்றிலும் மண்ணிலும் ஏரியிலும் பரவியது. ஹைதராபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பகுப்பாய்வுப் பிரிவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் முதலில் சோதித்தது தண்ணீரை அல்ல. ஆலையைச் சுற்றி மரங்களில் வளர்ந்த லைக்கனையும், மாஸ் என்ற பாசிபோன்ற சிறு செடியையும்தான். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கனுக்கு வேர் கிடையாது. காற்றிலிருந்து வருவதை வாங்கி வருடக்கணக்கில் சேர்த்துவைக்கும். ஆலைக்கு அருகே எடுத்தவற்றில் தொலைவில் எடுத்தவற்றைவிடப் பல மடங்கு பாதரசம் இருந்தது. 2003இல் அது வெளியானது. பிறகு ஏரியைப் பார்த்தார்கள். நீரில் லிட்டருக்குச் சில நூறு நானோகிராம் இருந்தது. குடிநீர் வரம்பான 1 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டால் அது ‘பாதுகாப்பான’ எண். ஆனால் அதில் ஒரு பகுதி மெத்தில் பாதரசம், நஞ்சு கூடிய கரிம வடிவம். ஏரியடிச் சேற்றில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள்தான் சாதாரணப் பாதரசத்தை அந்த வடிவத்துக்கு மாற்றுகின்றன. அதன்பின் அது மீனில் ஏறிவிடும். வரம்புக்குக் கீழே என்று மொத்த எண்ணைப் பார்த்துத் திருப்தி அடைபவர் மீனைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதே குழுவினர் 2005இல் இரு வகைப் பாதரசத்தையும் நீரிலிருந்து பிடிக்க ஒரு பொருளைத் தயாரித்து வெளியிட்டார்கள். மூலப்பொருள் கொத்தமல்லிச் செடி. நுண்ணுயிரி இல்லைதான், ஆனால் வேலை செய்யும் வேதியியல் ஈஸ்ட்டுக்கும் அதற்கும் ஒன்றே.

தாமிரத்தில் விஷயம் இன்னும் தெளிவு. கடல்நீரில் கரைந்த தாமிரத்தின் பெரும்பகுதி கரிமப் பொருட்களோடு பிணைந்தே இருக்கிறது. மிதவைப் பாசிகளுக்குத் தாமிரம் எவ்வளவு நஞ்சாகிறது என்பது மொத்தத் தாமிரத்தைப் பொறுத்ததல்ல, பிணையாமல் தனித்திருக்கும் தாமிர அயனியைப் பொறுத்தது என்று சுண்டாவும் கில்லார்டும் 1976இலேயே காட்டிவிட்டார்கள். செல் சுவர் பிடிப்பதும் பெரும்பாலும் அந்தத் தனித்த அயனியைத்தான். மக்கிய தாவரப் பொருளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலத்தோடு ஒட்டிய உலோகம் ஈஸ்ட் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறது என்று பகுப்பாய்வாளர்கள் குறையாக எழுதுவார்கள். உயிரியலாளருக்கு வேண்டிய தகவலே அந்தக் குறையில்தான் இருக்கிறது.

உயிருள்ள செல் சொல்லும் பதில்

செத்த செல்லை விட்டு உயிருள்ள செல்லுக்கு வந்தால், உலோகத்தைத் திரட்டுவதோடு அதன் அளவைச் சொல்லவும் வைக்கலாம்.

வங்கதேசத்தில் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது 1993இல் தெரியவந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைக் கையடக்க வேதிச் சோதனைக் கிட் கொண்டு சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். அந்தக் கிட் ஆர்சனிக்கை ஆர்சீன் வாயுவாக்கி, பாதரச புரோமைடு தடவிய காகிதத்தில் நிறம் மாற வைக்கும். அங்கே தேசிய வரம்பு 50 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 10 மைக்ரோகிராம் என்ற இடத்துக்கு வந்தால் காகிதத்தின் நிறத்தை நம்புவது கஷ்டம். போதாததற்கு, சோதிப்பவர் நச்சு வாயுவோடும் பாதரசத்தோடும் புழங்க வேண்டும்.

ஈ.கோலை பாக்டீரியாவிடம் ஆர்சனிக்கை வெளியே தள்ளும் ஓர் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. ஏ.ஆர்.எஸ்.ஆர். என்ற புரதம் அந்த மரபணுக்களின் மேல் உட்கார்ந்து அவற்றை அடைத்துவைத்திருக்கும். ஆர்சனைட் உள்ளே வந்து அந்தப் புரதத்தின் கந்தக முனைகளில் ஒட்டினால் புரதம் நழுவும், மரபணு திறக்கும். திறக்கும் இடத்தில் ஒளி உமிழும் மரபணுவை வைத்துவிட்டால், ஆர்சனிக் வந்ததும் பாக்டீரியா மினுங்கும். எவ்வளவு மினுங்குகிறது என்பதே அளவு. ஸ்விட்சர்லாந்தில் வான் டெர் மீர் குழுவினர் இப்படி ஒரு சோதனையை உருவாக்கி, வியட்நாமின் செந்நதி, மீகாங் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஏறத்தாழ 200 மாதிரிகளை ஆய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். 10 மைக்ரோகிராம் அளவில் சந்தையில் இருந்த வேதிக் கிட்களைவிட அது நன்றாகவே வேலை செய்தது.

அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது, வந்த திசை இரும்பு. அந்த நீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகப் படியும், படியும்போது ஆர்சனிக்கையும் கூட்டிக்கொண்டு அடியில் போய்விடும். பாக்டீரியா பார்ப்பது மிச்சத்தைத்தான். அதனால் மாதிரியை எடுத்த கையோடு அமிலம் சேர்த்து, பிறகு பாக்டீரியா சாகாத அளவுக்குச் சமன்படுத்த வேண்டியிருந்தது. எடின்பரோ மாணவர்கள் 2006இல் ஐஜெம் என்ற மாணவர் செயற்கை உயிரியல் போட்டிக்காக வேறு வழியைத் தேர்ந்தார்கள். அவர்களின் பாக்டீரியா ஆர்சனிக்கைக் கண்டால் லாக்டோஸை அமிலமாக்கும், சாதாரண பிஹெச் நிறங்காட்டி நிறம் மாறும். கருவியே வேண்டாம்.

செல்லையே விட்டுவிட்டு அதன் புரதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் போக்கும் வந்துவிட்டது. 2018இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கொட்ரூவோ குழு, மெத்தனாலைத் தின்று வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து லேன்மாடுலின் என்ற புரதத்தைக் கண்டறிந்தது. அரிய மண் உலோகங்களைப் பிகோமோலார் என்ற மிக மிக நீர்த்த அளவிலேயே பற்றிக்கொள்ளும். கால்சியத்தை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. அதைக் கொண்டு சுரங்கத்து அமிலக் கழிவுநீரில் டெர்பியம் என்ற அரிய மண் உலோகத்தை அளக்கும் முறை 2021இல் வந்தது. ஈஸ்ட் சுவர் கால்சியத்தோடு படும் அவஸ்தையை நினைத்தால், இந்தப் புரதத்தைப் பத்தியில் ஏற்றினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். தோன்றியும்விட்டது. புரதத்தைத் துகள்களில் பிணைத்து அரிய மண் உலோகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் வேலை நடக்கிறது.

ஆர்சனிக் பாக்டீரியா இத்தனை ஆண்டுகளாகியும் வங்கதேசத்துக் கிணற்றடிக்கு ஏன் போகவில்லை என்று கேட்கலாம். அறிவியல் அங்கே பெரிய தடையாக இல்லை. அது மரபணு மாற்றிய உயிரி. ஆய்வகச் சுவருக்கு வெளியே அதைக் கொண்டுபோனால் சூழலில் விடுவதாகுமா, மூடிய குப்பிக்குள் வைத்திருப்பதாகுமா என்பதை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். இந்தியாவில் அது 1989ஆம் ஆண்டு விதிகளின்கீழ் வரும். சோதனை முடிந்த குப்பியை பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கொன்றுவிட்டுத்தான் எறிய வேண்டும். கிணற்றடியில் அதை யார் செய்வது, செய்தார்களா என்று யார் பார்ப்பது என்பதற்குத்தான் இன்னும் விடை வரவில்லை. வேதிக் கிட்டுக்கு அந்தக் கேள்வியே வருவதில்லை. பாதரச புரோமைடு காகிதம் குப்பைத்தொட்டிக்குப் போகிறது.